சாரனைத் தின்ற மெஷின்

மீன் தோலையும் செதிலையும் போட்டுக் காய்ச்சிய பசைக்கு ஒரு மணம் உண்டு. இன்றைக்கும் அது எங்காவது மூக்கில் அடித்தால், என் கை தானாகவே இடுப்புச் சாரனைப் பிடித்துக்கொள்ளும்.

காரணம் இருக்கிறது...

ஆரையம்பதியில் என் மனைவி வீட்டு வளவில், நானே செய்த கத்தி தீட்டும் மெஷின் முதன்முதலாக ஓடிய நாள். ஓடியது என்னவோ உண்மைதான். நாலு மிதி மிதித்ததும் பெல்ட் என் சாரன் நுனியைக் கவ்வி, முழுதாக உருளைக்குள் இழுத்துக்கொண்டது. மனைவி, மாமி, வேலிக்கு அப்பால் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த பெண்கள்... அத்தனை பேர் முன்னாலும் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு நின்றேன்.

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு துவாயை எறிந்தார். "மருமகன், முதல்ல இதக் கட்டுங்க."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு.

மாமி அப்படியே நின்றுவிட்டார். மனைவி கதவையே பார்த்தாள்.

சிரித்தது என் மச்சான் நல்லதம்பி, மனைவியின் தம்பி. மரம் அரிகிற இடத்தில் வாள் அவனுடைய இடது கையை மணிக்கட்டோடு கொண்டுபோன பிறகு, அவன் சிரித்து நாங்கள் கேட்டதில்லை.

அதற்கு முன் நானும் அவனும் ஓய்வு நேரத்தில் மீன் வெட்டும் கத்தி செய்வோம். யுத்த காலம். உடைந்த லொறிகளின் வில்லுத் தகட்டைக் கொல்லர் அடித்துத் தருவார். நான் வட்டக் கல்லைச் சுற்ற, அவன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத் தீட்டுவான். வாவியில் வலை வீசுகிறவர்கள் அவன் தீட்டியதைத்தான் கேட்டு வருவார்கள். நான் தீட்டியதைக் கொடுத்தால், "இது கறிச்சட்டி கிண்டவா?" என்பார்கள்.

வட்டக் கல் ஒற்றைக் கைக்கு அடங்காது, கத்தியை உதைத்துவிடும். அந்த வேலை போனது.

அதைவிடப் பெரிய வேதனை சாப்பாட்டில் இருந்தது. கழுவுவதும் மிஞ்சிய வலது கைதான், சோறு பிசைவதும் அந்தக் கைதான் என்றாகிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டான். உதவி என்று யாராவது வந்தால், "பாவம் பாக்க வந்த நீங்களா?" என்று கதவைச் சாத்துவான்.

கை விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் பிறவி இடக்கையன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றதற்குப் பாதிக் காரணம் மூளை, மீதி இந்தக் கை. புது மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாமிக்கு வெற்றிலைத் தட்டத்தை இடது கையால் நீட்டி, வாங்கிக்கட்டியவன் நான்.

அப்போது நெல் மில்லில் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது என் வேலை. அங்கே பெல்ட் ஓடுவதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. ஓடுகிற பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு பலகை, முன்னால் ஒரு தாங்குகட்டை. தாங்கில் கத்தியை வைத்து ஒரு கையால் தள்ளினால் போதும். மற்ற வேலையைக் கால் பார்த்துக்கொள்ளும்.

கித்தான் துண்டில் மீன் பசை பூசி, அரிசி தீட்டும் கல்லுக்குப் பூசுகிற எமரித் தூளை மில்லில் கேட்டு வாங்கித் தூவினேன். காயப் போட்ட முதல் பெல்ட்டைப் பூனை கொண்டுபோய்விட்டது. இரண்டாவதற்கு நானே ஈர்க்குக் கட்டோடு காவல் இருந்தேன்.

யார் கேட்டாலும் "எனக்குத்தான்" என்றேன். அவனைக் கதவுக்கு வெளியே கொண்டுவர வேண்டும், கொண்டுவந்தது அவனுக்குத் தெரியவும் கூடாது. மிதிக்கத் தெரியாதவன் மாதிரி நடிப்போம், பொறுக்காமல் வெளியே வருவான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நடிக்கத் தேவையே வரவில்லை.

துவாயோடு நான் மறுபடியும் மிதிக்க, சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. பெல்ட் கழன்று விழுந்தது. மாட்டினேன், விழுந்தது... கதவு திறந்தது.

"அத்தான், நீங்க கத்தியத் தீட்டுறீங்களா, மிசின் உங்களத் தீட்டுதா?"

"பெல்ட் நிக்குதில்ல மச்சான்."

அவன் குனிந்து உருளையைத் தடவினான். "மில்லுல கப்பிக்கு எண்ணெய் விடுறீங்க. அதுட நடுவுல வயிறு மாதிரி வீங்கி இருக்கிறத ஒரு நாளும் பாக்கல்லியா? மறுகா எப்பிடி பெல்ட் நிக்கிற? தள்ளுங்க."

நான் உருளையைச் சுற்ற, அவன் வலை நூலை அதன் நடுவில் இறுக்கிச் சுற்றி வயிறு வைத்தான். பிறகு தான் வழக்கமாக உட்காருகிற பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிதித்தான். பெல்ட் அசையாமல் ஓடியது. கத்தியைத் தாங்கில் வைத்தான். தீப்பொறி பறந்தது. மாமி அடுப்பைப் பார்க்கிற சாட்டில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் இருவர் கையிலும் கறுப்பாக எமரித் தூள். ஒற்றைக் கை தன்னைத்தானே தேய்த்துக் கழுவாது. கிணற்றடியில் நான் என் இடது கையால் அவன் கையைத் தேய்த்துவிட்டேன். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. அன்று எங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டான்.

போன மாதம் என் மகன் கரண்டில் ஓடுகிற மெஷின் ஒன்று வாங்கி வந்தான். பட்டனை அமத்தினால் போதும். சாரனுக்கும் ஆபத்தில்லை, மூடி போட்டிருக்கிறது. "அப்பா, இந்தத் தாங்கை எந்தப் பக்கமும் மாத்தலாம். இடக்கைக்காரருக்கும் சரி, வலக்கைக்காரருக்கும் சரி" என்று காட்டினான். நல்ல வசதிதான். எங்கள் மெஷினில் தாங்கை ஆணியடித்து இறுக்கியிருந்தேன்...

அன்று சாப்பிட்டு முடித்ததும், நல்லதம்பி மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அத்தான், நீங்க இடக்கையன். மறுகா ஏன் தாங்க வலப்பக்கம் வச்சீங்க?"

"அளவு பிழைச்சுப்போச்சு மச்சான்" என்றேன்.

அவன் தாங்கை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு அடுத்த கத்தியை எடுத்தான்.

அளவு பிழைக்கவில்லை. அவன் தூங்கும்போது, அவன் உட்காருகிற பலகையை எடுத்து வைத்து அளந்தது அது.