மைக் என் கையில் இருந்தது

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலில் ஞாயிறு மதியங்களில் ஒரு பறங்கிப் பெண்மணி ஜாஸ் பாடுவார். கட்டையாக வெட்டிய நரைமுடி, கஞ்சி போட்ட வெள்ளைக் கவுன். நாலு பேர் கொண்ட வாத்தியக்குழுவும் அவருடையதே. மைக்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

வெள்ளைக்கார நேவி போன பிறகு கூட்டம் குறைந்தது. வாத்தியக்காரர்களும் ஒவ்வொருவராக வேறு வேலை தேடிப் போக, பியானோக்காரர் மட்டும் மிஞ்சினார். ஆனாலும் அந்தப் பெண்மணி கடைசிப் பாட்டு முடிந்ததும் வாத்தியக்காரர் நாலு பேரின் பெயரையும் சொல்லி, போனவர்கள் உட்கார்ந்து வாசித்த வெறும் கதிரைகளுக்கும் கைதட்டச் சொல்லுவார். எனக்கு அது விசர் வேலையாகத்தான் பட்டது.

ஹோட்டல் முதலாளி அவரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கடைசி ஞாயிறன்று, நாலு பெயரையும் சொல்லி முடித்துவிட்டு வந்தவரிடம் கேட்டேன்.

"உங்கட பேரை மட்டும் ஒரு நாளும் சொல்லயில்லையே, மிஸ்?"

"என்ர பேரை நானே சொல்லுற வழக்கமில்லை, தம்பி. அதை மைக்கோட நிக்கிறவர்தான் சொல்லவேணும்."

"முந்தி ஆர் சொன்னது?"

"உங்கட வேலையைச் செய்தவர்."

சாப்பாட்டு மேசைகளில் இன்னும் ஆறேழு பேர் இருந்தார்கள். மைக் என் கையில்தான் இருந்தது, சுவிட்ச் போட்டபடியே. ஏன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை, நான் குனிந்து வயரைச் சுற்றத் தொடங்கினேன்.