கரண்டு வைக்குமுன் தேவகனி கேட்டது

தேவகனியின் கழுத்தில் நெறி கட்டியது எழுபத்தைந்தாம் வருஷம் ஜூலையில். தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். வயது இருபத்து மூன்று. பத்துப் போட்டும் நெறி இறங்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். கட்டியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்த டாக்டர், நிணநீர்க் கட்டிகளில் வரும் புற்றுநோய் என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

அண்ணன் சுந்தர்சிங் கூடப் போனான். துறைமுகத்தில் கிளார்க், அப்பா இறந்தபின் வீட்டுக்குப் பெரியவன். பெரிய டாக்டர் அவனை மட்டும் உள்ளே அழைத்துப் பேசினார். தேவகனி வெளியே பெஞ்சில் இருந்தாள். திரும்பி வந்தவன் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்லளா. வயித்தத் திறந்து நோய் எங்க வரைக்கும் போயிருக்குன்னு பாப்பாங்களாம். பெறவு கரண்டு வைப்பாங்களாம், கதிரடிச்சுக் கட்டியக் கரைக்க. சரியாயிரும்."

வார்டில் பக்கத்துக் கட்டிலில் எட்டயபுரத்துச் சீனித்தாய் இருந்தாள். அவளுக்கும் அதே நோய். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான்.

"அடிவயித்துல கரண்டு வச்சாகல்லா? அதோட எனக்கு மாசாமாசம் வர்ற தூரம் நின்னுபோச்சு" என்றாள், குரலைத் தாழ்த்தி. "இனிப் பிள்ள கிடையாதாம். முன்னாலயே ஒரு வார்த்த சொல்லல."

தேவகனிக்குச் செத்துப்போவோமோ என்ற பயம் பழகிவிட்டிருந்தது. இது வேறு பயம். யாரிடம் கேட்பது? அண்ணனிடம் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு கேக்குற கேள்வியா இது? உசுரு பொழச்சாப் போதும், பேசாம இரு."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் பெரிய டாக்டர் மாணவர்கள் சூழ வந்தார். அவர் அடுத்த கட்டிலுக்கு நகரும்போது தேவகனி எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை ஆம்பிளைகள். ஆனால் இப்போது விட்டால் இனி இல்லை.

"சார்... கரண்டு வச்சா எனக்குப் பிள்ள பிறக்குமா?"

மாணவன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வயித்தத் திறக்கும்போதே முட்டைப்பையைக் கதிர் படாத இடத்துக்குத் தள்ளித் தைக்கலாம்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னேனே. அவர் வேண்டாம்னுட்டார்."

சுந்தர்சிங் சுவரோடு ஒட்டி நின்றான். "கூட நேரமாகும்னீங்க சார். மேசையிலயே எதும் ஆயிட்டா?"

"நான் கையெழுத்துப் போடலாமா, சார்?" என்றாள் தேவகனி.

"போடலாம். ஆனா பலிக்கும்னு உறுதி கிடையாது."

போட்டாள். பிள்ளைகளுக்கு முத்துமுத்தாக எழுதிக்காட்டும் கை, தன் பெயரையே கோணலாக எழுதியது. அன்றிரவெல்லாம் அண்ணன் சொன்னதே சரியோ என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேசையில் எதுவும் ஆகவில்லை. கரண்டு வைத்த வாரங்களில் சோற்று வாடையே குமட்டியது. ஊர் திரும்பினாள், கட்டிகள் கரைந்திருந்தன. ஆனால் தூரம் வரவில்லை. மாதங்கள் போயின. சீனித்தாயின் தாழ்ந்த குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறு வருஷம் ஆகஸ்டில், கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றைப் பிசைந்தது. கக்கூசுக்கு ஓடினாள். ரத்தத்தைப் பார்த்ததும், நோய்தான் உள்ளே திரும்பிவிட்டது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்னவென்று புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடமே சொன்னாள்.

"அன்னிக்கு நா பயந்துட்டேன்ளா, கனி."

"நானுந்தான் அண்ணே. இப்பவும் பயந்தான்."

பிள்ளை பிறக்குமா என்பது அப்போதும் யாருக்கும் தெரியாது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் நோயைச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டுக்கொண்டாள். சுந்தர்சிங் சரி என்றான்.