கோவிந்தம்மாவின் இருபத்தைந்து நாள் கணக்கு

காலடிப்பேட்டை கோவிந்தம்மாவுக்கு அமாவாசை ஆகாது என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. இந்த 1955ஆம் வருடத் தை அமாவாசையன்று அவள் கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்துக்குப் போய்விட்டாள். யாரோ பார்த்து இழுத்து வந்தார்கள். அதிலிருந்து அமாவாசைதோறும் அவள் கணவன் துளசிங்கம், துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகாமல் வாசலில் காவல் இருக்கிறான். அந்த நாட்களில் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

சித்திரைப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு மறுபடி கிளம்பியவளை, பக்கத்து வீட்டு ஜெரினா கிணற்றடியில் பிடித்து நிறுத்தினாள். துளசிங்கம் அப்போது துறைமுகத்தில் இருந்தான்.

"அந்த மூணு நாளு நெஞ்சு மேல யாரோ குந்திகினு கீற மாரி கீதுக்கா. தூரம் வந்துட்டா எறங்கிப் பூடுது" என்றாள் கோவிந்தம்மா, லண்டனிலிருந்து தெருவுக்குத் திரும்பியிருந்த என்னிடம்.

அவள் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறவள். வருகை அட்டையை வாங்கிப் பார்த்தேன். இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று நாள் வரவில்லை. தை அமாவாசையும் கிணற்றடி நாளும் அந்த மூன்று நாட்களுக்குள்தான் விழுந்திருந்தன. லண்டனில் நான் நர்ஸாக இருந்த மருத்துவமனையில், மாதவிலக்குக்கு முன் சில பெண்களுக்கு வரும் இந்த இருட்டுக்கும் ஹார்மோன் சுரப்புக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே முதல் கேள்வியே தேதிதான்.

இங்கே அவளைக் கூட்டிப்போய்க் காட்டியபோது, டாக்டர் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளைங்களுக்கு வர்ற நரம்புத் தளர்ச்சி. டானிக் குடும்மா." தண்டவாளத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கோவிந்தம்மா என் கையை நெரித்தாள். சாக முயன்றால் போலீஸ் கேஸ். அதை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அமாவாசை இல்லை, இந்த மூன்று நாள்தான் காவல் வேண்டும் என்றதும் துளசிங்கம் சிரித்தான். "சீமைக்குப் போயி பஞ்சாங்கம் படிச்சிகினு வந்தியாம்மா? அமாவாசைக்கு நின்னாலே மேஸ்திரி மொறைக்கிறான். மூணு மூணு நாளு எவன் வுடுவான்?"

"அவுரு கெடக்காரு. நீ தேதியச் சொல்லு" என்றாள் ஜெரினா.

மே இருபத்தேழு காலையிலேயே கோவிந்தம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். மறுநாள் கோவிந்தம்மா முறத்தைத் தூக்கி எறிந்தாள். "என்னிய வுட்டுடு, உனக்கு இன்னா வந்துச்சு?" என்று கதறினாள். ஜெரினா கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"கத்து. எவ்ளோ வோணுமோ கத்து. இங்கயே குந்திகினு கத்து."

இருபத்தொன்பது சாயங்காலம் கோவிந்தம்மா குளித்துவிட்டு வந்து டீ கேட்டாள்.

"இந்தத் தபா தாண்டிட்டேன். ஜெரினா அடுத்த வாரம் ராயபுரத்துக்கு வூடு மாறுது. அடுத்த தபா இன்னாக்கா பண்றது?"

எண்ணிப் பார்த்தேன். ஜூன் இருபத்தொன்று தொடங்கி மூன்று நாள். இருபதாம் தேதி அமாவாசை, கிரகணம் வேறு. துளசிங்கம் அன்றைக்கு வாசலை விட்டு அசையமாட்டான். மறுநாள் விடிந்ததும் நிம்மதியாக மூட்டை தூக்கக் கிளம்பிவிடுவான். நாளைக்கு மறுபடியும் போய் அவனிடம்தான் கத்த வேண்டும்.