ஹொல்ஸ்டெப்ரோவின் முதலாவது செம்மல்

குணசேகரத்தாருக்கு இங்கிலாந்துப் பிரபுக்களில் பைத்தியம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவருக்குப் பைத்தியம் முதலாவது பிரபுக்களில் மட்டும். தகப்பன் கண்ணை மூடியதால் பட்டம் வந்து சேர்ந்த இரண்டாவது பிரபு, பாட்டன் பெயரில் சாப்பிட்ட மூன்றாவது பிரபு, இவர்களை அவர் ஆட்களாகவே மதிப்பதில்லை. ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்து, தன் கையால் ஒன்றைச் செய்து, ராசா கூப்பிட்டுப் பட்டம் கொடுக்கும்படி நிமிர்ந்து நின்றவன் எவனோ அவன்தான் ஆள். இதை அவர் சொல்லாத இடம் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் கிடையாது.

தவமலருக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது. மற்றவர்கள் எழுந்து போய்விடலாம். அவள் அவருடைய மனைவி, எங்கே போவாள்?

இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கத்தி பிடித்தவர் குணசேகரத்தார். தோள்மூட்டு தேய்ந்து, ஓய்வூதியத்தோடு வீட்டில் குந்திய முதல் மாரியில் நூலகத்திலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பொழுது போகட்டும் என்று தவமலரும் பேசாமல் இருந்தாள். அதுதான் அவள் விட்ட பிழை. புத்தகம் திரும்பிப் போனது, பிரபுக்கள் போகவில்லை. அவள் சட்டி கழுவினால் அவர் குசினி வாசலில் வந்து நிற்பார். “உந்தச் சவர்க்காரம் இருக்கெல்லே, ஊரிலை நாங்கள் போட்ட சன்லைட், அதைச் செய்த லீவர் ஒரு பலசரக்குக் கடைக்காரன்ரை மகன் தெரியுமோ? முதலாவது பிரபு!” என்பார். கழுவின சட்டியைத் துடைத்து வைப்போம் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வராது.

காலில் புண் வந்து மருந்து கட்டப் போனபோது தாதியையும் அவர் விடவில்லை. காயத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டிய வைத்தியர் லிஸ்டரும் முதலாவது பிரபுதான், பிள்ளை இல்லாதபடியால் முதலும் அவரே கடைசியும் அவரே என்று தன் உடைந்த டெனிஷில் விளக்கினார். அந்தப் பெண், ‘அப்படியா’ என்பது போல டெனிஷ்காரர் எதற்கும் சொல்லும் “நோ” என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டுக் கட்டை இறுக்கினாள். வெளியே வந்ததும், “பாத்தீரே, எவ்வளவு ஆர்வமாக் கேட்டவள்!” என்றார். தவமலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஊரில் அவருடைய தகப்பன் வண்டியில் விறகு ஏற்றி விற்றவர். “ஆரின்ரை மகன்?” என்று யாராவது கேட்டால், பதிலைக் கேட்டதும் கேட்டவரின் முகம் மாறும். கடல் தாண்டி டென்மார்க்குக்கு வந்த பிறகும், கலியாண வீட்டில் சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்து அதே கேள்வியைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். தகப்பனின் பெயரைக் கேட்காமலே மரியாதை கிடைத்த மனிதர்களைப் பற்றி அவர் கதைக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்த்துத்தான் அவள் இவ்வளவு காலமும் பொறுத்துப் போனாள். ஆனால் இந்த வருடம் பொறுக்க முடியாத ஒன்று வந்து சேர்ந்தது.

மகள் அஜந்தினி தொலைவிலுள்ள ஒடென்சே நகரில் மருத்துவமனைத் தாதி. மூத்த பிள்ளைக்கு மூன்று வயது, இப்போது இரட்டைப்பிள்ளைகள் வயிற்றில். மருமகனுக்கு முறைவேலை. “அம்மா, நீங்கள் பக்கத்திலை வந்திருந்தா எனக்குக் காணும்” என்று அவள் தொலைபேசியில் சொன்னாள். வழக்கமாக டெனிஷில் பதில் சொல்லும் பிள்ளை இதை முழுக்கத் தமிழில் சொன்னது. அஜந்தினி பிறந்தபோது தவமலருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தாய் ஊரில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தாள். பச்சை உடம்போடு தானே எழும்பித் தானே பிள்ளைப்பேற்று மருந்தான சரக்குத் தண்ணீர் காய்ச்சிக் குடித்தவள் அவள். பிறகு முதியோர் இல்லத்தில் வேலை செய்து எத்தனையோ பேருடைய தாய்மாரைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். தன் மகளுக்கு ஒரு கை கொடுக்க வேண்டாமா?

அவள் ஒடென்சேயில் வாடகை வீட்டுக்குப் பதிந்து வைத்திருந்தாள். மகளின் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், கீழ்த்தட்டில், ஒரு வீடு வந்தது. திங்கட்கிழமைக்கு முன் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இருக்கிற வீட்டை விட்டு அதை எடுப்பதென்றால் கணவனும் மனைவியும் இருவருமே கைபேசியில் மிட்-ஐடி என்ற அரச மின்னடையாளத்தால் ஒப்பமிட வேண்டும். தவமலர் உடனே போட்டுவிட்டாள். குணசேகரத்தார் போடவில்லை.

“சனிக்கிழமை விழா முடியட்டும்” என்றார்.

விழா என்றால் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா. அந்தச் சங்கத்தில் ஆண்டுவிழா என்றால் பட்டம் கொடுப்பார்கள். பொன்னாடை, மாலை, கண்ணாடிக் கேடயம், ஒரு பட்டம். பரதநாட்டியம் படிப்பித்தவருக்கு, பந்தல் போட்டவருக்கு, பந்தல் போட்டவரைக் காரில் ஏற்றி வந்தவருக்கு, எல்லோருக்கும் ஒவ்வொரு பட்டம் ஏற்கனவே போயாகிவிட்டது. இந்த முறை தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி நடத்தியதற்காகக் குணசேகரத்தாரின் முறை. சங்கத் தலைவர் கோணேஸ்வரன் வந்து சொன்ன அன்றே அவர் நிபந்தனை வைத்துவிட்டார். பட்டம் புதியதாக இருக்க வேண்டும், இதற்கு முன் யாரும் வாங்கியிருக்கக் கூடாது, பெயரில் இடம் இருக்க வேண்டும். பிரபுக்களுக்கு அப்படித்தானாம். கோணேஸ்வரன் யோசித்து ‘ஹொல்ஸ்டெப்ரோச் செம்மல்’ என்றார். இவர் எழும்பி நின்று கை கொடுத்தார்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

“ஹொல்ஸ்டெப்ரோச் செம்மல் ஒடென்சேயிலை போயிருந்தா சனம் என்ன சொல்லும்?” என்று கேட்டார்.

தவமலர் சோற்றகப்பையைக் கீழே வைத்தாள். “ரதர்போர்ட் எண்டு ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் போன கிழமை முழுக்க என்ரை உயிரை எடுத்தியளே. நெல்சன் எண்ட இடத்தின்ரை முதலாவது பிரபு. நெல்சன் நியூசிலாந்திலை. அந்த மனுசன் இருந்தது இங்கிலாந்திலை. ஆரும் ஏதும் சொன்னவையோ?”

அவர் முகட்டைப் பார்த்தார். “அது வேறை, இது வேறை” என்றார். கிழமை முழுக்க அதையேதான் சொன்னார். அவள் கெஞ்சினாள், கத்தினாள், ஒரு நாள் சமைக்காமல் விட்டாள். அவர் பாணுக்கு லிவர்போஸ்டை என்ற ஈரல் பசையைப் பூசிச் சாப்பிட்டுவிட்டு ஏற்புரை எழுதினார். முதலாவது ஆளாக இருப்பது என்றால் என்ன என்பதுதான் உரையின் பொருள். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். அவளுக்கு அந்தத் தாளைக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை வந்தது. பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்தால் துப்புரவாக்கித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே எல்லா வருடமும் போல இந்த வருடமும் தவமலர் மண்டபத்தின் குசினியில்தான் நின்றாள். அவர் தமிழ்ப் பள்ளி நடத்திய காலத்திலும் அவள் நின்றது அங்கேதான். பிள்ளைகளுக்கு வடை சுட்டவள் அவள், வகுப்பு வாங்குகளை அடுக்கியவள் அவள், கழிவறையைக் கழுவியவள் அவள். பட்டம் அவருக்கு. அதுகூட அவளுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு விரல் அழுத்தும் ஒப்பம் மட்டும்தான், அதற்குத்தான் இவ்வளவு பாடு.

குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாப்பாடு எடுக்கும் சாளரம் ஒன்று இருந்தது. அதனூடாக மேடை தெரிந்தது. கோணேஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “இம்முறை ஹொல்ஸ்டெப்ரோச் செம்மல் என்ற புதிய பட்டத்தை வழங்குகிறோம்” என்றார். குணசேகரத்தார் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். “வயது ஒழுங்கில் அழைக்கிறோம்” என்று கோணேஸ்வரன் தொடர்ந்தார்.

ஐந்து பேரை அழைத்தார்.

என்ன நடந்தது என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவருக்கு மட்டும் இடத்தின் பெயரோடு பட்டம் கொடுத்தால் மற்ற மூத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அடுத்த விழாவுக்கு வரமாட்டார்கள், சங்கம் இரண்டாய் உடையும் என்று நிர்வாகக் குழு பயந்திருக்கிறது. யாருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று ஐந்து பேருக்கும் ஒரே பட்டத்தை அச்சடித்துவிட்டார்கள். எங்கள் சங்கங்களில் இது புதிய விசயம் இல்லை. வயது ஒழுங்கில் குணசேகரத்தார் மூன்றாவது ஆள்.

தவமலருக்கு முதலில் சிரிப்பு வந்தது. நல்லா வேணும் என்று நினைத்தாள். ஆனால் மேடையில் மூன்றாவதாக நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. விறகு விற்றவரின் மகன் என்று யாரோ மறுபடி சொல்லிவிட்டது போல அந்த முகம் இருந்தது. பாவம் என்றும் இருந்தது, எரிச்சலும் குறையவில்லை.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுதி வைத்திருந்த உரை இப்போது உதவாது, மூன்றாவது ஆள் முதலாவது ஆளைப் பற்றி எப்படிப் பேசுவது? தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, நிற்கிற இடத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு, சவர்க்காரம் செய்த லீவரின் கதைக்குப் போய்விட்டார். பிரபுப் பட்டம் வந்தபோது லீவர் தன் பெயரை மட்டும் வைக்கவில்லை, மனைவியின் குடும்பப் பெயரான ஹியூமையும் சேர்த்து லீவர்ஹியூம் பிரபு என்று ஆனார் என்றார். “அதைப் போல, இந்தப் பட்டத்தில் பாதி என் மனைவி தவமலருக்குச் சேர வேண்டியது” என்று முடித்தார். சனம் கைதட்டியது. பெண்கள் சிலர் குசினிச் சாளரத்தைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

தவமலர் புன்னகைக்கவில்லை. அடிப்பிடித்த சோற்றுப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் கதையின் மிச்சம் அவளுக்குத் தெரியும். வருடக்கணக்காகக் கேட்டவள் அல்லவா? வந்த ஆத்திரத்தில் பானையைத் தேய்த்த தேய்ப்பில் அது குளிப்பாட்டிய மாடு போல் மின்னியது.

கொஞ்ச நேரத்தில் அவர் குசினிக்குள் வந்தார். கழுத்தில் பொன்னாடை, கையில் கேடயம். “கேட்டனீரோ?” என்றார்.

“கேட்டன்.” அவள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். “லீவருக்குப் பிரபுப் பட்டம் வரேக்கை அந்த மனுசி எங்கை இருந்தவ?”

அவர் பொன்னாடையை இழுத்துச் சரிசெய்தார்.

“சொல்லுங்கோ. நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள்.”

“நாலு வருசத்துக்கு முதலே செத்துப் போனா” என்றார் மெதுவாக.

“அதை ஏன் மேடையிலை சொல்லேல்லை?”

“சனம் கவலைப்படுமெண்டு…”

“செத்த மனுசின்ரை பேரைப் பட்டத்திலை போட்டு என்ன, கல்லறையிலை போட்டு என்ன? அவ கேட்டவவோ? நான் உயிரோட நிக்கிறன், இஞ்சை, உங்களுக்கு முன்னாலை. உங்கடை பட்டத்திலை பாதி எனக்கு வேண்டாம், முழுசும் வேண்டாம். வந்த நாளிலை இருந்து எங்கடை தபால்பெட்டியிலை உங்கடை பேர் மட்டும்தான் கிடக்கு. நான் ஒரு நாளும் கேக்கேல்லை. இப்ப கேக்கிறது ஒண்டே ஒண்டு. என்ரை பிள்ளை படுத்திருக்கேக்கை நான் பக்கத்திலை நிக்கோணும். எனக்கு ஒருத்தரும் நிக்கேல்லை. அவளுக்கு நான் நிக்கோணும். நாளையிண்டைக்கு அந்த வீடு போச்செண்டா, நான் போய் அவளின்ரை சோபாவிலை படுப்பன். நீங்கள் இஞ்சை உங்கடை கேடயத்தைத் துடைச்சுக்கொண்டு இருங்கோ.”

வெளியே யாரோ பாட்டுப் போட்டார்கள். குணசேகரத்தார் கேடயத்தை நனைந்த மேசையில் வைத்தார். பொன்னாடை ஒரு பக்கம் சரிந்து கறிச்சட்டிக்குள் தொட்டது, அதை அவர் கவனிக்கவில்லை. பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டு, மடித்த தாளை ஒதுக்கிவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

எடுத்தாரே தவிர, மிட்-ஐடியின் இரகசிய எண் அவருக்கு நினைவு வரவில்லை. இரண்டு தரம் பிழையாக அழுத்தினார். எந்தப் பிரபுவுக்கு எந்த ராசா பட்டம் கொடுத்தார் என்று நித்திரையிலும் சொல்லும் மனுசன், தன்னுடைய ஆறு இலக்கம் தெரியாமல் பெருவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். “கடவுளே, என்னை ஏன் படைச்சாய்” என்று சொல்லிக்கொண்டே அவள் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் அழுத்தினார். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி வந்தது.

“நீங்களே பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கோ” என்று தவமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் வந்ததை அவருக்குக் காட்ட அவளுக்கு விருப்பமில்லை.

அவர் அழைப்பு எடுத்தார். அஜந்தினி மறுமுனையில் டெனிஷில் ஏதோ கேட்டாள், பட்டம் கிடைத்ததா என்றுதான் கேட்டிருப்பாள்.

“பிள்ளை, அம்மா அங்கை வாறா” என்றார். பிறகு, “நானும் கூட வாறன்” என்றார்.