டீ பொட்டின் அடியில் எழுதியிருந்தது

கடைக்குள் நுழைந்ததும் கையில் அகப்படுகிற தட்டையோ கோப்பையையோ தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் என் கட்சி. இந்த வாரம் உங்களிடம்தான் மனதைத் திறக்கப் போகிறேன்.

பதுளையில், பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கால் போன கதிரை, இறக்கை வளைந்த மின்விசிறி, ஊசி இல்லாத தையல் மெஷின் – இவற்றுக்கு நடுவில் ஒரு அலுமாரி நிறையப் பீங்கான். தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் துரை மாறிப் போகும்போது கழித்துக் கட்டுகிற சாமான்கள் கை மாறி, கடை மாறி, கடைசியில் இங்கேதான் கரை சேரும். கடைக்காரர் அறுபது தாண்டிய முஸ்லிம் பெரியவர். ஊரே அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே.

ஒன்றரை வருடமாக அங்கே நான் ஒரு செட் சேர்த்து வருகிறேன். விளிம்பில் பச்சை இலைக்கொடி, அதற்கு மேல் நூல் மாதிரி ஒரு தங்கக் கோடு. இதுவரை ஐந்து கோப்பை, நான்கு சோசர், ஒரு பால் ஜாடி. டீ பொட் மட்டும் சிக்கவில்லை. பூனாகலையில் கொழுந்து பறிக்கிற என் அம்மாவுக்கு இந்தப் பைத்தியம் விளங்கவே இல்லை. “தொரைங்க குடிச்சிட்டுப் போட்ட கோப்பைய காசு குடுத்து வாங்கவா ஒன்னைய படிக்க வச்சேன்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அந்தக் கடையில் எனக்கு ஒரு உத்தியோகமும் உண்டு. பீங்கானின் அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதாவது அச்சடித்திருக்கும் அல்லவா? அது நானாவுக்கு ஓடாது. நான் சனிக்கிழமை வரும்வரை புதுச் சரக்கை ஒதுக்கி வைத்திருப்பார். “இது என்னண்டு பாருங்க டீச்சர்” என்பார். நான் இங்கிலாந்து என்றால் சாமான் மேல்தட்டுக்குப் போகும். ஜப்பான் என்றால் நடுத்தட்டு. எழுத்தே இல்லையென்றால் தரைக்கு. விலையும் அதன்படிதான். அப்பீல் கிடையாது.

எனக்கு இது புதிது இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். பத்து வயதிலேயே எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வருகிற கடிதம், மருந்துப் போத்தல், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்தது சரியா என்று பார்க்க அங்கே இன்னொருவர் கிடையாது. அதனாலேயே ஒரு எழுத்தைக்கூட மாற்றி வாசித்ததில்லை. அந்தக் கர்வத்தோடு வளர்ந்தவள் இன்று பசறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். சும்மாவா?

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. நானா ஒரு பழைய துணியைப் பிரித்தார். உள்ளே… டீ பொட். பச்சை இலைக்கொடி. தங்கக் கோடு. மூடிகூட உடையாமல் இருந்தது.

கவிழ்த்துப் பார்த்தேன். சின்ன முத்திரை, அதன் கீழே ‘மேட் இன் இங்லண்ட்’. தெளிவான எழுத்து. முதலாம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். வாசித்தால் மேல்தட்டுக்குப் போகும். மேல்தட்டுக்குப் போனால் என் சம்பளத்துக்கு எட்டாது.

“ஒண்ணும் விசேஷம் இல்ல நானா. சாதாரண சாமான்தான்” என்றேன்.

நானாவின் முகம் மலர்ந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். தன் சரக்கு மட்டம் என்று கேட்டு எந்த வியாபாரியாவது சந்தோஷப்படுவானா?

“நல்லதாப் போச்சி. பெரிய சாமான்ண்டா பாவிக்க மனசு வராது. கடைக் கேத்தல் நேத்துத்தான் ஓட்டையாகிச்சி. இது இங்கேயே ஈக்கட்டும்.”

நானே வாங்கிக்கொள்கிறேன் என்று பதறினேன். மட்டமான சாமானை என் தலையில் கட்டினால் பாவம் என்று சொல்லிவிட்டார். எனக்கு நல்லதாக ஒன்று வராமலா போகும், வந்தால் எடுத்து வைப்பாராம். சொல்லிக்கொண்டே டஸ்ட் தேயிலைத் தூளை ஒரு பிடி அள்ளி உள்ளே போட்டுச் சுடுதண்ணீரை ஊற்றினார். பங்களாவில் முதல்தர இலையைத் தவிர வேறெதையும் கண்டிராத வயிறு அது. அதிலிருந்தே எனக்கும் ஒரு பிளேன்டீ வந்தது. குடித்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்த சனிக்கிழமை போனபோது தங்கக் கோட்டில் பாதியைக் காணோம். தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறாராம். கழுவினால் எவ்வளவு பளிச்சென்று வருகிறது என்று எனக்குக் காட்டினார் வேறு. மூடி தொலைந்துவிடக் கூடாதென்று அதைக் கைப்பிடியோடு செம்புக் கம்பியால் கட்டியிருந்தார். இன்னும் இரண்டு வாரம் போனால் மிஞ்சுவது வெறும் ஓடுதான். சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன சனிக்கிழமை பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்தேன். இரண்டு வழி இருந்தது. ‘அன்றைக்கு எழுத்தைச் சரியாகப் பார்க்கவில்லை’ என்று மழுப்பலாம். அல்லது ‘பொய் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளலாம். முதல் வழி சுலபம்தான். ஆனால் வாசிக்கத் தெரியாதவள் என்ற பெயரை வாங்கவா இத்தனை வருடம் படித்தேன்? அதற்குப் பொய்க்காரி என்ற பெயரே மேல். என் ரோஷம் அப்படி.

“நானா, அதுல மேட் இன் இங்லண்ட்னு எழுதியிருக்கு. அன்னைக்கே எனக்குத் தெரியும். வெல கொறையும்னு வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்.”

நானா என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணில் வந்தது இரக்கம்.

“வாசிக்க வரல்லண்டா வரல்ல, டீச்சர். அதுல என்ன வெக்கம்? அதுக்காகப் பொய் சொன்னேண்டு ஏன் ஒங்க மேலயே பழியப் போட்டுக்கிறீங்க?”

இல்லை நானா, எனக்கு வாசிக்கத் தெரியும் என்றேன். தலையாட்டினார். சத்தியம் செய்தேன். அதற்கும் தலையாட்டினார். எழுந்து போய் மின்விசிறியில் இருந்ததை வாசித்தேன், தையல் மெஷினில் இருந்ததை வாசித்தேன், மேல்தட்டில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வாசித்தேன்.

“பாத்தீங்களா? ரெண்டு சனிக்கெழமைக்குள்ள எவ்வளவு முன்னேறிட்டீங்க” என்றார் நானா.

கையிலிருந்த தட்டைத் திரும்ப மேல்தட்டில் வைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “லயத்துல ஈந்து படிச்சி இந்த அளவுக்கு வந்த புள்ள நீங்க. பொய் சொல்ற புள்ளையா? எனக்கு ஆளத் தெரியாதா?”

நான் பெருமைப்பட்டதையெல்லாம் அவர் சந்தேகப்பட்டுவிட்டார். நான் ஒரு டீ பொட்டுக்கு விற்றுவிட்ட நேர்மையை மட்டும் சந்தேகப்படவே இல்லை. இதற்கு மேல் என்ன வாதாடுவது?

நானா பொட்டிலிருந்த தேயிலையைக் கொட்டிக் கழுவித் துடைத்தார். செம்புக் கம்பியை அவிழ்த்தார். பேப்பரில் சுற்றி என் கையில் வைத்தார். காசை நீட்டினேன், என் கையைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

“கொண்டு போங்க. அடியில ஈக்கிறத ஒவ்வொரு நாளும் ஒருக்கா வாசிச்சிப் பழகுங்க. வந்துரும்.”

தினமும் கவிழ்த்து வாசிக்கிறேன். மூன்றே சொல்தான்… இன்னும் சரியாக வரவில்லை.