அந்த மைக்கை வாங்கியது நான்தான்

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மவுண்ட் ரோஸ்கில் தேவாலய மண்டபத்தில், ஒரு பெண்ணின் கையிலிருந்த மைக்கை நான் வாங்கினேன். மரியாதையாகத்தான் வாங்கினேன். சிரித்துக்கொண்டே, ‘நேரம் போய்விட்டது’ என்று சொல்லி... அப்படி வாங்கினால் அது பறித்தது ஆகாது என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

இந்த வாரம் எனக்கு யார் மேல் கோபம் என்று கேட்காதீர்கள். பட்டியல் நீளம். என் பெயரும் அதில் இருக்கிறது.

நியூசிலாந்தில் இது தேர்தல் காலம் அல்லவா? எங்கள் பகுதியில் போட்டியிடும் வேட்பாளர்கள் இருவரைத் தமிழர்கள் முன்னால் பேச வைப்போம் என்று சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்தோம். கூட்டத்தை நடத்த என்னைப் பிடித்தார்கள். வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்குப் பேசவும் வரும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து அத்தான் — என் அக்காவின் கணவர் — எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அங்கேயும் தேர்தல் காலம். முதலில் அவர் அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசட்டும், சனம் வரும் என்றேன்.

சனம் வந்தது. கதிரை போதாமல் பின் அறையிலிருந்து தூக்கி வந்தோம். வந்தவர்களுக்குத் தேநீரும், கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் வைத்திருந்தோம்.

அத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து போய் முப்பது வருடத்துக்கு மேல் மேரிலாண்டில் இருப்பவர். துறைமுகத்தில் இறங்கும் உணவுப் பொருட்களைச் சோதிக்கும் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். கல்யாண வீட்டிலும் கடைசி வரிசையைத் தேடிப் போய் உட்காருகிற மனிதர். அவரை மேடையில் ஏற்றியது என் வேலை.

யார் வெல்வார் என்று சொல்வார் என்று சனம் காத்திருந்தது. அவரோ அமெரிக்காவின் கடனைப் பற்றி ஆரம்பித்தார்.

வரி போடும் அதிகாரம், கடன் வாங்கும் அதிகாரம், செலவழிக்கும் அதிகாரம் மூன்றையும் அந்த நாட்டு அரசியலமைப்பு காங்கிரஸிடம்தான் கொடுத்திருக்கிறது என்றார். ஜனாதிபதியிடம் அல்ல. அந்தக் காங்கிரஸின் கீழ்ச்சபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாக்காளரிடம் வந்து நிற்க வேண்டும். அதாவது பணப்பை வாக்காளரின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் இந்தக் கட்சி வந்தாலும் கடன் ஏறுகிறது, அந்தக் கட்சி வந்தாலும் ஏறுகிறது. ஏன்?

அவர் தன் தெருக்காரர் இருவரின் கதையைச் சொன்னார். ஒருவர் ‘அரசாங்கச் செலவைக் குறை’ என்று வீட்டு முன் புல்வெளியில் பலகை நட்டவர். ஒருமுறை காங்கிரஸில் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறாமல் அரசாங்க அலுவலகங்கள் மூடிக்கிடந்தபோது, பிள்ளைகளோடு தேசியப் பூங்காவுக்குப் போய், வாசல் பூட்டியிருந்ததால் ஆத்திரத்தோடு திரும்பி வந்தாராம். எதிர்வீட்டுக்காரர் மற்றக் கட்சி. அரசாங்கம் எல்லாருக்கும் எல்லாம் தர வேண்டும் என்பவர். யார் வரி கட்டுவது என்று கேட்டால், தன்னைவிடக் கொஞ்சம் கூடச் சம்பாதிக்கிறவர் எவரோ அவர் கட்டட்டும் என்பாராம். அலுவலகங்கள் மூடிக்கிடந்த அந்த நாட்களில் அத்தான் சம்பளம் வராமலே பல வாரம் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கதையின் நடுவே வந்ததால் சொன்னார், அவ்வளவுதான்.

கடைசியில் இதைச் சொன்னார்: “ஒவ்வொரு தேர்தலிலயும் வேட்பாளர் கூட்டத்துக்குப் போய் நான் ஒரு கேள்விதான் கேக்கிறனான். எந்தச் செலவை நிப்பாட்டுவீர், இல்லாட்டி ஆரிட்டக் கூட வரி எடுப்பீர்? ரெண்டுமில்லை எண்டு சொன்னால், அது கடன். எங்கட பிள்ளையள் கட்டுற கடன்.”

கேள்விகள் உண்டா என்று கேட்டேன். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். டாலர் விழுமா, அமெரிக்கப் பங்குகளை இப்போதே விற்றுவிடலாமா என்று கேட்டார். பத்துப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அத்தான் தனக்கு அது தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

பிறகு வேட்பாளர்கள். முதலாமவர் உயரமானவர், ‘வணக்கம்’ என்ற சொல்லைக் காரில் வரும்போது பழகியிருக்க வேண்டும், அருமையாகச் சொன்னார். ஆஸ்பத்திரியைப் பெரிதாக்குவோம் என்றார். கைதட்டல். ரயில் அடிக்கடி ஓடும். கைதட்டல். டாக்டரிடம் போகும் செலவு குறையும், வரி ஒரு சதமும் ஏறாது... மண்டபமே அதிர்ந்தது.

இரண்டாமவர் ஒரு பெண். குரல் சன்னம். நீங்கள் கேட்கிற வீதி வேலை முதல் மூன்று வருடத்தில் நடக்காது என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் பணம் போகும், அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீடு வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் என்றார்.

ஒருவரும் கைதட்டவில்லை. எப்படித் தட்டுவோம்? அந்த மண்டபத்தில் வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களை எழுந்து நில்லுங்கள் என்றால் பாதிக் கதிரை காலியாகும். எனக்கும் பாப்பாட்டோய்ட்டோயில் ஒரு ஃபிளாட் உண்டு. வங்கிக்கு மோர்ட்கேஜ் கடன் கட்டி மாளவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். அந்தப் பெண் அந்த வசனத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, ஃபிளாட்டுக்கு எவ்வளவு வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அதன் பெயர் பொருளாதாரச் சிந்தனை அல்ல.

கேள்வி நேரத்தில் மூன்றாவதாகக் கை உயர்த்தியவர் கலைச்செல்வி. திருநெல்வேலிப் பக்கம். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பொதி கட்டும் வேலை. கணவரும் அங்கேதான். போன வருடம் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. இந்த நாட்டில் அது இருந்தாலே, குடியுரிமை எடுக்காவிட்டாலும், வாக்கு உண்டு. அவருக்கு இதுதான் முதல் தேர்தல்.

கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். அதைப் பார்த்து, ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, முதலாமவரிடம் கேட்டார்: இவ்வளவும் தருவதாகச் சொல்கிறீர்கள், வரியும் ஏறாது என்கிறீர்கள், அப்படியானால் எதை நிறுத்துவீர்கள்?

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். கேள்விக்கா, அவருடைய உச்சரிப்புக்கா... தெரியவில்லை. வேட்பாளரும் சிரித்தார். மிக நல்ல கேள்வி என்றார். நாடு வளரும், வளர்ச்சி வந்தால் வருமானம் தானாக வரும், தமிழர்கள் எவ்வளவு கடும் உழைப்பாளிகள் என்று தனக்குத் தெரியும் என்றார். அதற்கும் ஒரு கைதட்டல்.

கலைச்செல்வி உட்காரவில்லை. “அது பதில் இல்லைங்க, சார்” என்று தமிழில் சொல்லிவிட்டார். உடனே ஆங்கிலத்துக்கு மாறி, வளர்ச்சி வராவிட்டால் எதை நிறுத்துவீர்கள் என்று திரும்பக் கேட்டார்.

வேட்பாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. கூட்ட நடத்துநர் என்றால் யாருக்காக நடத்துகிறவர்? விருந்தாளிக்காகவா, வந்திருக்கும் சனத்துக்காகவா? அந்த ஒரு கணத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். எழுந்து போய், சிரித்து, மைக்கை வாங்கி, அடுத்த கேள்வி என்றேன்.

அடுத்த கேள்வி கார் பார்க்கிங் பற்றியது. அதற்கு ஆறு நிமிடம் போனது.

கூட்டம் முடிந்ததும் முதலாமவரோடு செல்ஃபி எடுக்க வரிசை. மற்றப் பெண் தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் தனியாக நின்றார். உண்மை பேசியதற்கு நாங்கள் கொடுத்த பரிசு அது. அவரிடம் போய்க் கைகொடுத்துப் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒருவர்தான். இந்த நாட்டில் வாக்கே இல்லாத அத்தான்.

கேட்கிறேன், நமக்கு என்ன வந்தது? தெருமுனை டெயரிக் கடையில் பால் போத்தல் இருபது சதக்காசு கூடினால் ஏன் என்று கேட்கிறோம். மெக்கானிக் எழுதித் தரும் பில்லை வரிவரியாக வாசிக்கிறோம். ஆனால் ஒரு மனிதர் மேடையில் நின்று ஆஸ்பத்திரி, ரயில், டாக்டர் எல்லாம் இலவசம் போலச் சொன்னால் மட்டும் நமக்குக் கணக்கு மறந்து போகிறது. மறக்கவில்லை, மறந்ததுபோல் இருக்கிறோம். பில் வேறு யார் வீட்டுக்கோ போகும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. பிறகு அரசியல்வாதி பொய் சொல்கிறான் என்று திட்டுகிறோம். பொய்க்குக் கைதட்டி, உண்மையைத் தேநீர்ப் பாத்திரத்தடியில் நிற்க வைத்தது யார்?

மறுநாள் வேலை முடிந்து ரயிலில் மவுண்ட் ஆல்பர்ட் வந்து, நான் வீட்டுக்கு நடந்து போனபோது அத்தான் வாசலில் நின்றார். எனக்காகக் காத்திருந்தார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“நீர் ஏன் அந்தப் பிள்ளையின்ர மைக்கை வாங்கினனீர்?” என்றார்.

நேரம் போய்விட்டது என்று ஆரம்பித்தேன். அவர் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். வந்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன் என்றேன். அது பாதி உண்மை. ஃபிளாட் கதையைச் சொல்லவில்லை. ஆனால் அவர் என் அக்காவின் கணவர். அந்த ஃபிளாட் அவருக்கும் தெரியும்.

வாசலிலேயே நின்று பேசினோம். நியூசிலாந்தில் அரசியலமைப்பு என்று ஒரே புத்தகம் எழுதி வைக்கவில்லை, பல சட்டங்களும் வழக்கங்களும் சேர்ந்ததுதான் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அது அவர் மனதில் கிடந்திருக்கிறது. அப்படியென்றால் ஆட்சியில் இருப்பவரை இங்கே யார் கட்டுப்படுத்துவது என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாங்கள்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“எங்களிட்டப் புத்தகமிருந்தும் இந்தக் கதி” என்றார். “உங்களிட்ட அதுவும் இல்லை. இருக்கிறது கேள்வி கேக்கிற சனம் மட்டும்தான். அதையும் நீர் இருத்திப்போட்டீர்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தித் தப்பியிருப்பேன்.

அன்று மாலை முழுக்க எனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் நடத்துகிறார்கள், அந்தப் பெண்ணும் ஒருமுறை கேட்டுவிட்டார்தானே... ஒரு வாதமும் நிற்கவில்லை. அமெரிக்கக் கடனைப் பற்றி இதே பத்தியில் எத்தனை தடவை அந்த நாட்டுச் சனத்தைக் கிண்டலடித்திருக்கிறேன்! பலகை நட்டுவிட்டுப் பூங்கா வாசலில் ஆத்திரப்பட்ட அந்த மனிதருக்கும் எனக்கும் வித்தியாசம் என்ன? அவர் கையில் மைக் இல்லை. அவ்வளவுதான்.

புதன்கிழமை கலைச்செல்வியின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்பதாகச் சொன்னார். நான் யார் என்று சொன்னேன். அன்றைக்கு நான் செய்தது பிழை, மன்னிக்க வேண்டும் என்றேன்.

“பரவாயில்லண்ணா” என்றார். பிறகு, கோபமில்லாமல், வானிலை சொல்வதுபோலச் சொன்னார்: “ஊர்ல எனக்கு யாரும் மைக் குடுத்ததில்ல. இங்க குடுத்தாங்களேன்னு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் வாங்கிட்டீங்க. வீட்டுக்காரர்தான், உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டாரு. அதுதான் கஷ்டமாப் போச்சு.”

அந்தக் கேள்வி அத்தோடு போய்விட்டதா என்று கேட்டேன்.

கலைச்செல்வி சும்மா இருக்கவில்லை. அன்று இரவே அதே கேள்வியை இரண்டு வேட்பாளர்களுக்கும் ஈமெயிலில் அனுப்பிவிட்டாராம். முதலாமவரிடமிருந்து வந்தது அவருடைய புன்னகைப் படம் போட்ட துண்டுப் பிரசுரம். அந்தப் பெண் வேட்பாளர் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். எதை நிறுத்துவோம், எதைத் தள்ளிப்போடுவோம் என்று ஒவ்வொன்றாக. இரண்டு இடத்தில் ‘இதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை’ என்றும் இருக்கிறதாம். அந்த இரண்டு இடத்தையும் கணவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார் கலைச்செல்வி. கணவர் கேட்டுவிட்டு, தானும் ஒரு கேள்வி எழுதித் தரட்டுமா என்றாராம்.

அந்தக் கடிதத்தை எனக்கும் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்புகிறேன் என்றார். அப்படியானால் யாருக்கு வாக்கு என்று ஆவலில் கேட்டுவிட்டேன்.

“அதெல்லாம் சொல்ல மாட்டேன்ண்ணா. ரகசியம்” என்றார். சிரிப்பது கேட்டது. “ஆமா, மேடையில பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே... நீங்க அவங்க ரெண்டு பேர்கிட்டயும் என்ன கேட்டீங்க?”

இந்த நாட்டில் ஆறு தேர்தலில் வாக்குப் போட்டவன், யோசித்துப் பார்த்து, உண்மையைச் சொன்னேன்.

“ரோல்ஸ் சாப்பிட்டீங்களா எண்டு கேட்டனான்.”