எங்கே தொடங்கலாம் என்று கேட்டவள்

லிண்டால்வா பெசான்யா இறந்த வாரம், நிலத்தடி நீர்த் துறையில் எல்லோரும் எழுந்து நின்று அவளுக்காக இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். அதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவள் உயிரோடு எதிரே நின்று ஒரு கேள்வி கேட்டபோது அவர்களில் மூன்று பேர் நான்கு நிமிடம் மௌனம் காத்தவர்கள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. சியாரா மாநிலத்தின் வறண்ட உள்பகுதியில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஆசிரியை. துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியானது. டிசம்பரில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்துவிடும். அப்படி முடிந்தபின் இரண்டு வருடத்துக்கு மறுபடி தற்காலிகமாகக்கூட எடுக்கக் கூடாது என்பது சட்டம். அந்த இடம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டும்.

எழுத்துத் தேர்விலும் பாடம் நடத்துவதிலும் அவள்தான் முதல். மிச்சம் இருந்தது ஆய்வுரை. அறுபது நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடிகூடக் கிடையாது.

மற்றவர்கள் ஆய்வுரையை எப்படித் தயாரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அறிமுகம், நோக்கம், முறை, முடிவு, நன்றி. எழுபது ஸ்லைடு. தேர்வுக் குழுவில் யாருக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாது என்பதுபோல், திரையில் இருப்பதை அப்படியே வாசிப்பார்கள். கடைசியில் சூரியன் மறைகிற படம் ஒன்று. கிணற்று உப்புத் தண்ணீருக்கும் சூரியன் மறைவதற்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை எந்தக் குழுவும் கேட்டதில்லை.

லிண்டால்வாவிடம் ஒரே ஒரு வரைபடம்தான் இருந்தது. அதில் முப்பத்தொரு கிணறுகள், முப்பத்தொரு நீலப் புள்ளிகள். பன்னிரண்டு வருடம் வெயிலில் நடந்து அளந்தவை. ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தக் கிணறு திறக்கும். அங்கே ஆழமாகத் துளை போட்டதால் எந்த ஊர்க் கிணறு உப்பானது என்று காட்டும், அங்கிருந்து அந்த ஊர்க் கிணற்றுக்கு ஒரு வாசல் திறக்கும். எங்கே தொடங்குவது என்பதைக் குழுவே சொல்லட்டும் என்பது அவள் திட்டம். எந்த வழியாகப் போனாலும் எட்டுக் கிணறுகள், ஐம்பத்தெட்டு நிமிடம், கடைசியில் ஒரே முடிவு. இதைச் சரியாக அமைக்க ஆய்வுக்கூடச் சுவர் முழுக்கக் கிணற்றுக்கு ஒன்றாக அட்டைகளைக் குத்தி, நூல் கட்டி, மூன்று வாரம் மல்லுக்கட்டினாள்.

ஒத்திகைக்குக் குழுவாக உட்கார்ந்தவர் ஆய்வுக்கூடப் பணியாளர் வால்டெனோர்.

"எங்க போகலாம் அண்ணே?"

"வேற எங்க? ரியாச்சோ செக்கோதான்."

"முப்பத்தொரு கிணறு இருக்கு. உங்களுக்கு எப்பவும் உங்க ஊர்க் கிணறேதானா?"

"ப்ளேன்ல போறவன் கீழ எட்டிப் பாத்து தன் வீட்டுக் கூரையத்தான தேடுவான் டீச்சர்?" வால்டெனோர் மரவள்ளி ரொட்டியைக் கடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. நீங்க முடிக்கிற வரைக்கும் குழு வாயே திறக்கக் கூடாதுன்னு அறிவிப்புல போட்டிருக்கு. படிச்சீங்களா?"

"படிச்சேன். வாயத்தான சொல்லியிருக்கு? விரல் இருக்குமில்ல மூணு பேருக்கும்? நீட்டட்டும்."

"நீட்டலன்னா? நேரா முடிவுக்குத் தாவுற மாதிரி ஒரு பொத்தானாவது வெச்சுக்கங்களேன்."

"அது எழுபது ஸ்லைடுக்காரன் புத்தி அண்ணே. எங்க வேணா போங்கன்னு முப்பத்தொரு வாசல் திறந்து வெச்சிருக்கேன். அதுல ஒண்ணக் காட்டத் தெரியாதவன் எனக்கு மார்க் போடுறதா?"

பொத்தான் வைக்கவில்லை.

தேர்வன்று மூலையில் கேமரா ஓடியது. குழுத் தலைவர் எவெரால்டோ கடிகாரத்தை அழுத்தினார். லிண்டால்வா வரைபடத்தைத் திரையில் போட்டு, "எங்கே தொடங்கலாம், சொல்லுங்க" என்றாள்.

ஒருவர் குனிந்து காகிதத்தைப் புரட்டினார். இன்னொருவர் தண்ணீர்க் குவளையை அன்றுதான் முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். எவெரால்டோ அச்சடித்த அறிவிப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே வைத்தார். மூன்று பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துச் சமாளித்து ஏதோ ஒரு புள்ளியைத் தொட்டிருப்பார்கள். லிண்டால்வா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போனது. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு போனது. கடைசி வரிசையில் வால்டெனோர் தொப்பியைக் கழற்றிக் கசக்கினார். அவர் கண்ணில் தெரிந்த பயத்துக்காகத்தான் நான்காவது நிமிடம் அவள் ரியாச்சோ செக்கோவைத் தொட்டாள்.

அதன்பிறகு அவள் பேசியது நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. ஆனால் எட்டாவது கிணறு பாதியில் இருக்கும்போதே அறுபது நிமிடம் ஆகிவிட்டது. முடிவு அந்தக் கிணற்றுக்கு அப்பால் இருந்தது. நேராகத் தாவ வழியில்லை. எவெரால்டோ கையை உயர்த்தினார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் விரலை நீட்டியது அப்போதுதான்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் மார்க் உறைகளைப் பிரித்தார்கள். மூன்று உறைகளிலும் ஒரே வாசகம்: முடிவுரை இல்லை. அரை மார்க் வித்தியாசத்தில் இரண்டாம் இடம். முதல் இடம், சூரியன் மறைகிற படத்தோடு வந்திருந்த ஒரு பையனுக்கு.

நடைபாதையில் எவெரால்டோ சின்னக் காபி டம்ளரோடு பக்கத்தில் வந்தார்.

"உண்மையச் சொல்லணும்னா டீச்சர், நீங்க கேட்டப்போ லாகோவா டோ மெல்னு நுனி நாக்கு வரைக்கும் வந்துடுச்சு. எங்கப்பா அந்தக் கிணத்துலதான் மாட்டுக்குத் தண்ணி காட்டுவாரு."

"விரல நீட்டியிருக்கலாமே சார்."

"கேமரா ஓடிட்டிருந்துச்சேம்மா."

"இப்ப ஓடல. கேளுங்க, சொல்றேன்."

அவர் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஒரு மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடிக்காமலே நடந்தார்.

டிசம்பரில் லிண்டால்வா சுவரிலிருந்து அட்டைகளைக் கழற்றினாள். முப்பது அட்டைகளை வால்டெனோர் பெட்டியில் அடுக்கித் தந்தார். மிச்சம் ஒன்றை அவள் போகிற வழியில் எவெரால்டோவின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதில் அவள் கையெழுத்தில் இருந்தது: லாகோவா டோ மெல். உப்பு ஏறிவிட்டது. மாடுகூடக் குடிப்பதில்லை.